மாமா, அந்த ஆட்டம் பாக்கி இருக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? நீங்க மணலி புதுநகர் போனதுக்கு அப்புறம் உங்களை ரெண்டு கல்யாணத்துலயும் ஒரு சாவுலயும் பார்த்தேன். மூணு தடவையும் "இன்னாம்மா, நல்லாகீறியா"ன்னு கேட்டீங்க. நான் தலையாட்டிட்டு நகர்ந்துட்டேன். கல்மண்டபம் சந்துல ராத்திரி பத்து மணி வரைக்கும் எதிரெதிரா குந்தி ஆடினவங்க மாதிரியா இருந்துச்சு அது?

விஷயம் இதுதான். போன மாசம் ஒரு கேரம் போர்டு வாங்கினேன். பெரியமேட்டுக்குப் போய், தட்டிப் பார்த்து, மேட்ச் போர்டே வாங்கினேன். ஆடுற இடம் மட்டும் 74 சென்டிமீட்டர், அதுக்கு மேல சட்டம் வேற. ஆட்டோவுல எனக்கு இடமில்ல, போர்டை மடியில சாய்ச்சுக்கிட்டு அரை ஆளா உட்கார்ந்து வந்தேன். கடைக்காரர் "பையனுக்காம்மா?"ன்னு கேட்டாரு. எனக்குன்னு சொல்ல வாய் வரல. ஆமான்னுட்டேன். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு.

ஆரம்பிச்சது 2024 நவம்பர்ல. ஆபீஸ் விட்டு வந்து கொருக்குப்பேட்டை கேட்டுல நின்னுக்கிட்டு இருந்தேன். கேட் போட்டா எப்ப திறப்பான்னு உங்களுக்குத் தெரியாததா? போனை எடுத்தா, புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு காசிமா, அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம். வயசு 17. அப்பா ஆட்டோ ஓட்டுறவரு. பக்கத்துல இருந்தவங்க எல்லாம் "நம்ம ஏரியா பொண்ணு"ன்னு பெருமையா பேசிக்கிட்டாங்க. எனக்கும் பெருமை வந்திருக்கணும். வந்தது பொறாமை மாமா. வயித்துல நெருப்பை வெச்ச மாதிரி. 42 வயசுல, என் பொண்ணைவிட நாலஞ்சு வயசு பெரிய பிள்ளை மேல பொறாமை! வெக்கமா இருந்துச்சு. ஆனா கூட்ஸ் வண்டி போய் முடியறதுக்குள்ள இன்னொண்ணு கவனிச்சேன். என் ஆள்காட்டி விரல் ஹேண்ட்பேக் மேல தானா சுண்டிக்கிட்டு இருந்துச்சு.

2008-ல வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வாங்கினப்போ எனக்கு இப்படி எதுவும் வரல. அப்போ கல்யாணம் ஆன புதுசு. அந்தப் பேப்பரை ஒரு பார்வை பார்த்தேன், மறுநாள் அலமாரித் தட்டுல விரிச்சு மேல டப்பா அடுக்கினேன். இப்ப நினைச்சா அதுதான் பயமா இருக்கு. ஒண்ணுமே தோணாம போச்சே.

உங்க போர்டு ஞாபகம் இருக்கா? நாலு மூலையிலயும் வலை கிழிஞ்சு, உள்ள துணி வெச்சுத் தைச்சிருப்பாங்க அத்தை. மேல தகர மூடி போட்ட பல்பு. போரிக் பவுடர் தீர்ந்துட்டா மூஞ்சிக்குப் போடுற பவுடர், அதனால சந்தே மணக்கும். 1995-ல நம்ம மரிய இருதயம் ரெண்டாவது தடவையா உலக சாம்பியன் ஆனப்போ, ஏதோ உங்க கூடப்பிறந்தவரே ஜெயிச்ச மாதிரி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தீங்க. "ஸ்ட்ரைக்கரைத் தள்ளாத, சுண்டு. நகம் ஸ்ட்ரைக்கரைத் தொட்டுனு இருக்கணும், தூரத்துல இருந்து அடிச்சா கோணிப் பூடும்"னு என் விரலைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தீங்க. பொம்பளைப் பிள்ளை ஆடுதேன்னு எவனாச்சும் சிரிச்சா, "நீ ரெட்டு போட்டு ஃபாலோ போடுடா, அப்பால சிரி"ம்பீங்க. ஆனா ஒரு நாள், ஒரு போர்டு கூட எனக்கு விட்டுக்கொடுத்தது இல்ல. அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிருக்கேன். மறுநாள் உங்களுக்கு முன்னாடி வந்து பவுடரைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பேன்.

அதே வருஷம் நான் வயசுக்கு வந்தேன். ஓலைக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தப்போ எனக்கு ஒரே யோசனைதான், எப்ப வெளிய விடுவாங்க, எப்ப ஆடலாம். தண்ணி ஊத்தின அன்னைக்கே ஆயா சொல்லிடுச்சு: "இனிமே தெருவுல ஆம்பளைங்களோட குந்தி சுண்டினு இருந்தே, விரலை ஒடிச்சுடுவேன்."

மாமா, இதை இதுவரைக்கும் உங்ககிட்ட சொன்னதில்ல. அன்னைக்கு நீங்களும் அத்தையும் தட்டு வெச்சு, சாப்பிட்டுட்டு, வாசல்ல செருப்பு மாட்டினீங்க. நான் ஜன்னல் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். ஏதாச்சும் ஒரு வார்த்தை ஆயாகிட்ட சொல்வீங்கன்னு பார்த்தேன். அண்ணாந்து என்னைப் பார்த்தீங்க. பார்த்துட்டுப் போயிட்டீங்க. அன்னைக்கு ராத்திரியும் சந்துல காய் மோதுற சத்தம் கேட்டுச்சு.

பக்கத்து வீட்டு ஆம்பளை, வயசுக்கு வந்த பொண்ணைத் தெருவுக்குக் கூப்பிட்டிருந்தா நம்ம சந்து என்னென்ன பேசியிருக்கும்னு இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோபம் போகல. கல்யாணம், சாவுன்னு பார்த்த இடத்துல எல்லாம் தலையாட்டிட்டு நகர்ந்தேனே, அதுதான் காரணம்.

போனது கேரம்னுதான் இத்தனை நாள் நினைச்சிருந்தேன். போர்டு வீட்டுக்கு வந்ததும்தான் கணக்கு வேற மாதிரி தெரிஞ்சுது. ஜெயிக்கணும்னு ஒரு வெறி இருக்கும் பாருங்க, எனக்கு அது சுத்தமா விட்டுப்போயிருந்துச்சு. ஆபீஸ்ல நான் வேலை கத்துக்கொடுத்த பையன் எனக்கு மேல சீனியர் ஆனான், கேசரி செஞ்சு எடுத்துட்டுப் போனேன். அப்பா வீட்டுப் பங்குல கையெழுத்து கேட்டாங்க, எங்க போடணும்னு மட்டும்தான் கேட்டேன். "எவ்ளோ விட்டுக்கொடுத்துப் போற பொண்ணு"ன்னு ஊரே மெச்சுது. நானும் அது என் குணம்னே நம்பிட்டேன். நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு இந்த ஒரு பாராட்டை மட்டும் ஏன் கஞ்சத்தனம் இல்லாம கொடுக்கறாங்கன்னு நீங்களாச்சும் யோசிச்சதுண்டா?

முதல் நாள் ராத்திரி ஹால்ல போர்டை வெச்சு, பவுடர் தூவி, அடுக்கினேன். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவுல ரெட்டு. முதல் அடி கூட்டத்தையே தொடல. சட்டத்துல மோதித் திரும்பி ஸ்ட்ரைக்கர் நேரா பாக்கெட்ல விழுந்துச்சு. வீட்டுக்காரர் செய்தி பார்க்கற மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஒரு வாரம் நகக்கண்ணு வலி, சோறு பிசைய முடியல. நான் கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறது வேற, சுண்டறது வேற சதை போல. பதினாறாம் நாளோ என்னமோ, இடது மூலையில ஒரு கறுப்பு, கட் ஷாட். விரல் பட்ட அடுத்த நொடியே தெரிஞ்சுடுச்சு, விழும்னு. காய் பாதி தூரம் கூடப் போகல, நான் அடுத்த காயைப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன். அந்த நேரத்துல அடுப்பு, ஆபீஸ், கேஸ் புக்கிங், எதுவும் என் தலைக்குள்ள இல்ல.

எல்லாம் திரும்பிடலை. தூரத்து டபுள் அடி போயே போச்சு. கண்ணாடியோட கீழ்ப் பாதியில பார்த்தா ஒரு காய், மேல் பாதியில பார்த்தா வேற காய். அரை மணி நேரம் குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்குது.

போன ஞாயிறு என் பொண்ணோட ஆடினேன். 25-க்கு 4. அழுதுட்டு எழுந்து போயிட்டா. "குழந்தைகிட்டயாச்சும் விட்டுக்கொடுக்கக் கூடாதா?"ன்னு அவரு கேட்டாரு. முடியாதுன்னேன். சொன்ன வேகத்துல எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. மறுநாள் காலையில பால் பாக்கெட் எடுக்க எழுந்தா, ஹால்ல லைட் எரியுது. பவுடரைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுடறேன். நம்ம கடைசி ஆட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு வயிறு வலிக்குதுன்னு பாதியில எழுந்து போனேனே, அது. எனக்கு 22, உங்களுக்கு 19. போர்டுல என் வெள்ளை ஒண்ணு, உங்க கறுப்பு மூணு, ரெட்டும் அப்படியே இருக்கு. 22 வந்துட்டதால ரெட்டுக்கு எனக்குப் பாயிண்ட் கிடையாது. ஆனா அதைப் போட்டு, அடுத்த அடியிலயே அந்த ஒரே வெள்ளையையும் போட்டு ஃபாலோ முடிச்சா, மிஞ்சின உங்க மூணு கறுப்புக்கு எனக்கு மூணு பாயிண்ட். 25, ஆட்டம் முடிஞ்சுது. முதல் தடவையா உங்களை ஜெயிச்சிருப்பேன். ரெட்டு உங்க வலது கைப் பாக்கெட்டை ஒட்டி, வெள்ளை நடு வட்டத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். கண்ணை மூடினா அப்படியே நிக்குது.

ஞாயித்துக்கிழமை அத்தையைக் கூட்டிக்கிட்டு வாங்க. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வெக்கறேன். காயெல்லாம் அன்னைக்கு இருந்த இடத்துலயே வெச்சிருப்பேன். உங்களுக்குக் கை நடுங்குதுன்னு அத்தை போன்ல சொன்னாங்க. நடுங்கினாலும் பரவாயில்ல, நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்ட்ரைக் என்னுது.