அத்தை, கியோத்தோவில் இரண்டு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள அத்தை,

நீங்களும் மாமாவும் அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். தோக்கியோ நான்கு நாள், கியோத்தோ ஐந்து நாள், நடுவில் நாரா, கடைசியில் ஒசாகாவில் என் வீடு. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனாலும் கியோத்தோவில் இரண்டு நாளைக் குறைத்து எனக்குக் கொடுங்கள். உங்களை ககாவாவுக்கு அழைத்துப் போக வேண்டும். ஜப்பானுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் உங்கள் திட்டத்தையேதான் கையில் வைத்திருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைப் பொதுவில் எழுதுகிறேன்.

ககாவா, ஷிகோகு தீவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. ஜப்பானின் மாநிலங்களிலேயே பரப்பளவில் மிகச் சிறியது. மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் குறைவு. பழைய பெயர் சனுகி. ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒகயாமா வரை முக்கால் மணி நேரம். அங்கே வண்டி மாறினால், 1988இல் திறந்த சேத்தோ பெரும்பாலத்தின் மேல் கடலைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் ககாவாவின் தலைநகரான தகாமட்சு போய்ச் சேரலாம். பாலத்தில் போகும்போது சன்னலோர இருக்கை உங்களுக்குத்தான். கீழே உள்நாட்டுக் கடலில் சின்னச் சின்னத் தீவுகள் வந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் மதுராந்தகத்து ஏரிக்கரையில் வளர்ந்தவர். அதனால்தான் இந்த ஊரை உங்களுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்கிறேன். ககாவாவுக்கு வடக்கே கடலுக்கு அப்பால் ஒரு மலைத்தொடர், தெற்கே ஒரு மலைத்தொடர். மழை மேகமெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வருகிறது. தகாமட்சுவில் ஆண்டுக்குச் சுமார் 1,100 மில்லிமீட்டர் மழைதான், ஜப்பான் கணக்கில் அது மிகவும் குறைவு. ஆறுகள் சிறியவை, பெய்த தண்ணீர் அன்றே கடலுக்குப் போய்விடும். அப்படியிருக்க ஊர் என்ன செய்யும்? நம்மூர் செய்ததையே செய்தது. ஏரி வெட்டியது. இன்று இந்தக் குட்டி மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் இருக்கின்றன. ரயிலில் போகும்போது வயலுக்கு நடுவே ஒரு கரை, கரைக்குப் பின்னால் தண்ணீர், அப்புறம் இன்னொரு கரை. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் செங்கல்பட்டு ரயில்தான் ஞாபகம் வந்தது.

அந்த ஏரிகளில் பெரியது மன்னோ. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. கரை உடைந்து, சரிசெய்ய முடியாமல் ஊர் தவித்தபோது, 821இல் கூகாய் என்ற பௌத்தத் துறவியை அனுப்பச் சொல்லி இங்கிருந்த அதிகாரிகள் தலைநகருக்கு விண்ணப்பம் எழுதினார்கள். மக்கள் அவரைத் தாய் தந்தையைப் போல நேசிக்கிறார்கள், அவர் வந்தால் வேலைக்கு ஆட்கள் தாமாக ஓடி வருவார்கள் என்பது அதன் சாரம். கூகாய் இந்த மண்ணில், பக்கத்து ஜென்ட்சூஜியில் 774இல் பிறந்தவர். வந்தார், மூன்று மாதத்துக்குள் கரை எழும்பியது. ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைமேல் அமர்ந்து அவர் ஹோமம் வளர்த்தார் என்று இன்றும் காட்டுகிறார்கள். ஜப்பானிய மொழியில் அதற்கு ‘கோமா’ என்று பெயர், நம்முடைய ஹோமமேதான். ஏரி காத்த ராமர் கதையைச் சொல்லிச் சொல்லி எங்களுக்குச் சோறு ஊட்டியவர் நீங்கள். அந்தப் பாறையைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பினால் என் மனது ஆறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூகாய் சீனத்துக்குப் போய்க் கற்ற மரபின் குரு வரிசையில் மேலே போனால், வஜ்ரபோதி என்ற தென்னிந்தியர் வருகிறார். கூகாயின் குருவுக்குக் குருவுக்குக் குரு அவர். காஞ்சிப் பல்லவ மன்னனின் மதிப்பைப் பெற்றிருந்தவர் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல் வழியாகச் சீனம் போய்ச் சேர்ந்தார். ஜென்ட்சூஜி கோயிலின் பெரிய கற்பூர மரங்களுக்குக் கீழே நிற்கும்போதெல்லாம் நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

மன்னோவின் கரை 1184இல் மறுபடி உடைந்தது. அதன்பின் நானூற்றைம்பது வருஷம் அதை யாரும் எழுப்பவில்லை. ஏரி உள்வாயில் ஊரே முளைத்துவிட்டது. 1631இல்தான் நிஷிஜிமா ஹாச்சிபெய் என்பவர் கட்டி முடித்தார். இப்போதும் ஒவ்வொரு ஜூன் நடுவிலும் நடவுக்காக மதகைத் திறக்கும் நாளில் ஊர் கூடுகிறது. ஒரு வருஷம் நான் போயிருந்தேன். பூசை முடிந்து, மதகு திறந்து, தண்ணீர் இரைந்து வெளியே பாய்ந்தபோது என் பக்கத்தில் நின்ற பெரியவர் கைகூப்பினார். வறட்சிக் காலத்தில் இங்கே வயலுக்கு முறைத் தண்ணீர் விட்ட விதம் உங்களுக்குப் பிடிக்கும்: ஊதுபத்தி கொளுத்தி வைப்பார்கள். உங்கள் பத்தி எரிந்து முடியும்வரை மடை உங்களுக்கு, முடிந்ததும் அடுத்தவருக்கு. பத்தியின் நீளம் வயலின் அளவைப் பொறுத்தது. 1994 வறட்சியில் தகாமட்சு வீடுகளுக்கு ஒரு நாளில் சில மணி நேரமே குழாய்த் தண்ணீர் வந்தது. அதனால் இதெல்லாம் வெறும் பழங்கதை இல்லை, அத்தை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். நெல்லுக்குத் தண்ணீர் போதாத ஊர், ஆனால் வெயிலுக்குக் குறைவில்லை. நெல் அறுத்த வயலில் குளிர்காலத்தில் கோதுமை போட்டார்கள். கடலோரத்தில் உப்பளம் கட்டினார்கள். எதிரே ஷோதோஷிமா தீவில் நானூறு வருஷமாகப் பெரிய மரத்தொட்டிகளில் சோயா சாஸ் ஊறுகிறது. மேற்கே இபுகி தீவில் நெத்திலி பிடித்து, பிடித்த கையோடு அவித்துக் காயவைக்கிறார்கள். அதற்கு ‘இரிகோ’ என்று பெயர். கோதுமை, உப்பு, சோயா சாஸ், நெத்திலி. இந்த நான்கையும் ஒரு கிண்ணத்தில் போட்டால் அதுதான் சனுகி உதோன். விரல் கனத்தில் பாதி இருக்கும் வெள்ளைக் கோதுமை நூடுல்ஸ், நெத்திலி வாசம் ஏறிய தெளிந்த சூடான சாறு. தோக்கியோவில் கிடைக்கும் உதோனை வைத்து இதை எடைபோடாதீர்கள். அங்கே சாறு கறுத்து, சோயா தூக்கலாக இருக்கும். இங்கே கிண்ணத்தின் அடி தெரியும்.

மாவைக் காலால் மிதிக்கிறார்கள். சுத்தமான உறைக்குள், பாய்க்குள் வைத்துத்தான். கையால் பிசைந்து தீராத அளவுக்கு அது கெட்டி மாவு. அதில் உப்புக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: ஒரு கிண்ணம் உப்புக்குக் கோடையில் மூன்று கிண்ணம் தண்ணீர், குளிரில் ஆறு, மற்ற நாளில் ஐந்து. வெயிலில் மாவு தளர்ந்துவிடும், உப்பு அதை இறுக்கிப் பிடிக்கும். அதனால் வெயில் ஏற ஏற உப்பும் ஏறும். கோத்தோஹிரா என்ற ஊரில் இதைக் கற்றுத்தரும் பள்ளி இருக்கிறது. பாட்டுப் போட்டு, தாளத்துக்கு மாவை மிதிக்கச் சொல்வார்கள். முப்பது வருஷம் சப்பாத்திக்கு மாவு பிசைந்த உங்கள் கைக்கு அந்த மாவின் பதம் ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிடும்.

கடையில் என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. வயல் நடுவே, பெயர்ப்பலகை இல்லாத கொட்டகைகளும் உண்டு. வாசலில் தட்டை எடுத்துக்கொண்டு ‘ஒரு உருண்டை’ அல்லது ‘இரண்டு உருண்டை’ என்று சொல்ல வேண்டும். வெந்து, அலசி, சுருட்டி வைத்த நூடுல்ஸைத்தான் அப்படி எண்ணுகிறார்கள். சில கடைகளில் நீண்ட பிடி வைத்த வடிகூடையில் போட்டு நாமே வெந்நீரில் முக்கிச் சூடாக்கிக்கொள்ளலாம். சில விநாடி போதும். நான் முதல் நாள் ஊறவிட்டுக் குழைத்துவிட்டேன், அதன் உயிரே அந்த இழுவையில்தான் இருக்கிறது. அப்புறம் குழாயைத் திறந்து சாற்றைப் பிடித்துக்கொண்டு, வெங்காயத்தாளும் இஞ்சித் துருவலும் தூவி, பக்கத்தில் பொரித்து வைத்திருப்பதில் ஒன்று எடுத்து, பணம் கொடுத்து உட்கார வேண்டியதுதான். சில நூறு யென்னில் வயிறு நிறையும். இந்த ஊர்க்காரர்கள் உதோனை அதிகம் மெல்வதில்லை. தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் சுகம்தான் பெரிது என்பார்கள். நல்ல கடைகள் உருண்டை தீர்ந்ததும் மூடிவிடும், பல கடைகள் மதியத்தோடு சரி. அதனால் காலை உணவே உதோன்தான், தங்கும் விடுதியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

மாமாவுக்குப் புரட்டாசி விரதம் முடிந்திருக்காது என்று தெரியும். சாற்றில் நெத்திலி இருப்பதால் அது அவருக்கு ஆகாது. ஆனால் நூடுல்ஸில் கோதுமை மாவு, உப்பு, தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. முட்டைகூடக் கிடையாது. அலசிய உருண்டைமேல் வெறும் சோயா சாஸ் சில சொட்டு விட்டு, முள்ளங்கித் துருவலும் எலுமிச்சை போன்ற சுதாச்சியும் பிழிந்து சாப்பிடும் ஒரு வகை உண்டு. கடைக்காரரிடம் ‘கிஜோயு’ என்று கேட்க வேண்டும், மீன்சாறு கலக்காத சாஸ் என்று அர்த்தம். சில மேசைகளில் மீன்சாறு கலந்த சாஸ்தான் இருக்கும், அதனால் நான் ஒவ்வொரு கடையிலும் கேட்டுவிட்டே அவருக்கு வாங்கித் தருவேன். உண்மையில் மாவின் ருசி முழுசாகத் தெரிவது இந்தக் கிண்ணத்தில்தான். விரதம் இல்லாத நாளிலும் நான் இதைத்தான் சாப்பிடுகிறேன்.

உங்களுக்கு மட்டும் மருகமே என்ற ஊரில் ஒரு வேளைச் சாப்பாடு. கோழியின் முழுக்காலை எலும்போடு, பூண்டும் மிளகும் தேய்த்துச் சுடுகிறார்கள். இளங்கோழி வேண்டுமா முற்றிய கோழி வேண்டுமா என்று கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் இளங்கோழிதான் கேட்பார்கள். நீங்கள் முற்றியதைக் கேளுங்கள். நம்ம நாட்டுக்கோழியைக் கடித்துப் பழகிய பல்லுக்கு அதுதான் சரி.

கோத்தோஹிராவில் மலைமேல் கொம்பிரா கோயில். தகாமட்சுவிலிருந்து உள்ளூர் மஞ்சள் ரயிலில் ஒரு மணி நேரம். கொம்பிரா என்ற பெயர் வடமொழிக் ‘கும்பீர’த்திலிருந்து வந்தது, முதலை என்று பொருள். கங்கை முதலை இங்கே வந்து மாலுமிகளைக் காக்கும் தெய்வம் ஆகிவிட்டது. படி 785. உங்கள் முழங்காலை நினைத்துக் கவலைப்படாதீர்கள், அடிவாரக் கடைகளில் மூங்கில் கம்பு தருவார்கள், நாம் பாதி நாள் எடுத்துக்கொள்வோம். 365ஆம் படியில் பெரிய வாசல் வரும். அதைத் தாண்டியதும் ஐந்து வெள்ளைக் குடைகள். கோயில் எல்லைக்குள் கடைபோட அந்த ஐந்து குடும்பங்களுக்கு மட்டும்தான் பரம்பரை அனுமதி. விற்பது விசிறி வடிவ மஞ்சள் மிட்டாய், உடைத்துத் தின்ன ஒரு குட்டிச் சுத்தியலும் தருவார்கள். அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். முன்காலத்தில் வர முடியாதவர்கள் தங்கள் நாயின் கழுத்தில் காணிக்கைப் பணத்தைக் கட்டி அனுப்புவார்களாம். வழிப்போக்கர்கள் கைமாற்றிக் கைமாற்றி அதைக் கோயில்வரை கொண்டுவந்து சேர்ப்பார்களாம். அந்த நாய்க்கு ஒரு சிலையும் இருக்கிறது.

அக்டோபர் 9 முதல் 11 வரை அங்கே பெரிய திருவிழா, பத்தாம் தேதி இரவு சாமி கீழே இறங்கி வருவார். நீங்கள் வரும் வாரம் அதுதான். 1700ஐ ஒட்டி இதே திருவிழாவை ஒரு மடிப்புத்திரையில் வரைந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே உதோன் கடைகளும் வரைந்திருக்கின்றன. சனுகியில் உதோன் இருந்ததற்குப் பழைய சாட்சி அந்தப் படம்தான். கூகாய்தான் சீனத்திலிருந்து உதோனைக் கொண்டுவந்தார் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஏரிக்கரை போட்டவர் என்பதே எனக்குப் போதும்.

கடைசி மாலை தகாமட்சுவின் ரிட்சுரின் தோட்டம். நூறு வருஷம் போல வேலை நடந்து 1745இல் முடிந்தது. பைன் மரங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் வெட்டி வளைத்து வளர்த்திருக்கிறார்கள். குளத்தின் மேல் நீட்டிக் கட்டிய தேநீர் வீட்டில் பச்சைத் தேநீர் தருவார்கள். தோட்டத்துக் கடையிலோ ஊரிலோ வாசன்போன் கட்டி வாங்கிக்கொள்வோம். இந்த மண்ணில் விளையும் மெல்லிய கரும்பில் எடுத்து, கையால் பிசைந்து பிசைந்து வெளுக்கும் சர்க்கரை, நாக்கில் வைத்தால் பனிபோலக் கரையும். உப்பு, சர்க்கரை, பருத்தி மூன்றையும் ‘சனுகியின் மூன்று வெள்ளை’ என்று சொல்வது வழக்கம். மூன்றும் வெயில் கொடுத்தவை.

ஆகவே திட்டத்தை மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அறை பதிவு செய்ய வேண்டும். திருவிழா வாரம், தாமதித்தால் கிடைக்காது. மாமாவின் காலணி படியேறத் தோதானதா என்று பாருங்கள். தாத்தா காலத்தில் உங்கள் ஏரியில் தண்ணீர் முறை வைத்த கதையைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள், கலங்கல் வழிந்த அந்த ராத்திரியோடு. மீதியை மன்னோ கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்
ஒசாகா