ஜன்னலோர இருக்கையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை முன்னிட்டுத் தங்கள் நாளிதழில் வெளிவந்த சுற்றுலாப் பக்கத்தைப் படித்தேன். மதுரையிலிருந்து எங்கெங்கு போகலாம், எந்த ஊரில் எவ்வகை விடுதிகள் உள்ளன, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் தெளிவாக இருந்தன. ஆனால் காரின் பின்னிருக்கையில் நான்கு மணி நேரமும், அதன்பின் விடுதி அறையில் இரண்டு மூன்று நாட்களும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அந்தக் குறையை நிரப்பும் எண்ணத்தில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் 11 ஆண்டுகள் ஆரப்பாளையம் நிலையத்திலிருந்து கொடைக்கானல் செல்லும் வண்டியில் போய்வந்தேன். மே மாதத்தில் வண்டி நிலையத்துக்குள் நுழைந்ததும் பெரியவர்கள் துண்டைப் போட்டு இடம்பிடிப்பார்கள். பிள்ளைகள் ஜன்னலோரத்துக்காகச் சண்டை போடுவார்கள். வாடிப்பட்டி வரை அண்ணன், அங்கிருந்து நிலக்கோட்டை வரை தங்கை என்று முறை வைத்து அந்தச் சண்டையை நானே பலமுறை தீர்த்துவைத்திருக்கிறேன். கடந்த மே மாதம் என் மகனுடைய காரில் அதே சாலையில் போனபோது, பேரனுக்கும் பேத்திக்கும் ஆளுக்கொரு ஜன்னல் சண்டையில்லாமல் கிடைத்தது. சமயநல்லூரைத் தாண்டுவதற்குள் இருவரும் கைப்பேசியில் மூழ்கிவிட்டார்கள். வத்தலக்குண்டு வரும்வரை தலை நிமிரவில்லை. மலையேறத் தொடங்கிய சிறிது நேரத்தில் பேத்தி வாந்தி எடுத்தாள்.

மலைச்சாலையில் பிள்ளைகளுக்குக் குமட்டுவது புதிதல்ல. எலுமிச்சம்பழம் இல்லாமல் நான் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. ஆனால் அதன் காரணத்தைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. வண்டி திரும்புகிறது, ஏறுகிறது என்று உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்; மடியிலுள்ள திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் வயிறு புரட்டுகிறது. 2 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இத்தொல்லை அதிகம். குனிந்து புத்தகம் படித்தாலும் இதே நிலைதான். தொலைவிலுள்ள மலைமுகட்டையோ, முன்னே விரியும் சாலையையோ பார்த்துக்கொண்டு வந்தால் கண்ணும் காதும் ஒன்றையே சொல்லும், குமட்டல் அடங்கும். புறப்படும் முன் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதும், எண்ணெய்ப் பலகாரங்களைத் தவிர்ப்பதும் உதவும். பிள்ளையை அமைதியாக வைத்திருக்கவென்று நாம் கொடுக்கும் கைப்பேசியே மலைச்சாலையில் அவனை நோயாளியாக்கிவிடுகிறது.

ஜன்னல் என்று நான் சொல்வது பின்னிருக்கை ஜன்னலைத்தான். வேடிக்கை காட்டுவதற்காகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமர்வது மிகுந்த ஆபத்து. 14 வயதுக்கு உட்பட்டோர் இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் பயணம் செய்தால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் கூறுகிறது. அபராதத்துக்கு அஞ்சியாவது இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

டம்டம் பாறையில் வண்டியை நிறுத்திப் பேத்தியின் முகத்தைக் கழுவிவிட்டோம். எதிரே எலிவால் அருவி கோடை வறட்சியில் வெள்ளை நூல்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் உயரம் 297 மீட்டர் என்றதும், மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தைவிட உயரமா என்று பேரன் கேட்டான். தெற்குக் கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 52 மீட்டர் என்று சொன்னேன். ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை கோபுரங்களை அடுக்க வேண்டும் என்று அண்ணனும் தங்கையுமாகக் கணக்குப் போட்டு, ஐந்து போதாது, ஆறு வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு கைப்பேசியை அவர்கள் கேட்கவில்லை.

ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் பேத்தி காது அடைக்கிறது என்றாள். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதை விளக்கி, எச்சிலை விழுங்கச் சொன்னேன். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் யாரும் தொடாமலே பலூனாக உப்பியிருப்பதைக் காட்டினேன். உள்ளே இருப்பது அடிவாரத்துக் காற்று, வெளியே இருப்பது மலைக்காற்று என்று அவர்களே கண்டுபிடித்தபோது பேரன் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை எந்தத் திரையும் தந்திருக்காது. அடிவாரத்தில் புளியும் மாவும், நடுவில் காப்பித் தோட்டமும் வாழையும், மேலே போகப்போகத் தைலமரமும் பைனும் என்று மரங்கள் மாறுவதைப் பேத்தி விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் 2018-இல் பிறந்தவள். இம்மலையில் குறிஞ்சி பூத்த ஆண்டு அது. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்றதும், 2030-இல் தனக்கும் 12 வயது ஆகும் என்று தானே கணக்கிட்டு, அந்த ஆண்டு கட்டாயம் அழைத்துவர வேண்டும் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் விழும் தண்ணீர் கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வருவது என்று சொன்னேன். அந்த ஏரியை 1863-இல் அமைத்தவர் மதுரை மாவட்டத்தின் முன்னாள் ஆட்சியர் லெவிஞ்சு என்பதையும் சொன்னேன். விடுதியில் பெட்டியை வைத்ததும் ஏரிக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இவ்வளவும் அச்சாலையில் பல ஆண்டுகள் போய்வந்ததால் எனக்குத் தெரிந்தது. எல்லாப் பெற்றோருக்கும் இது இயலுமா என்று கேட்கலாம். எதுவும் தெரியாமலே செய்யக்கூடியவையும் உண்டு. வண்டி எண்ணைப் பார்த்து ஊரைச் சொல்லும் விளையாட்டு ஒன்று போதும்: 57 திண்டுக்கல், 58, 59, 64 மதுரை, 60 தேனி, 63 சிவகங்கை, 65 இராமநாதபுரம், 67 விருதுநகர். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. விடுகதை, கடைசி எழுத்தில் தொடங்கிப் பாடும் பாட்டு ஆகியவற்றுக்குக் காசும் வேண்டாம், மின்னூட்டமும் வேண்டாம். வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த பெற்றோரை நான் குறைசொல்லவில்லை. வளைவுகளில் வண்டி ஓட்டுபவருக்குப் பின்னால் அமைதி தேவை என்பதையும் அறிவேன். ஆனால் பின்னிருக்கையில் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தால் அந்த அமைதி தானாக வந்துவிடும்.

விடுதியைப் பற்றிச் சற்று வருத்தத்தோடுதான் எழுத வேண்டியுள்ளது. நாங்கள் தங்கிய இடத்தில் குழந்தைகள் கூடம் என்று ஒன்று இருந்தது. அதில் இரண்டு பெரிய திரைகளும் அவற்றில் ஆடும் விளையாட்டுகளும் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. வரவேற்பறையில் தாயக்கட்டை கிடைக்குமா என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. சமையற்கூடத்தில் 70 புளியங்கொட்டைகளைக் கேட்டு வாங்கி, செய்தித்தாளில் 14 வட்டம் வரைந்து, வட்டத்துக்கு ஐந்தாக இட்டுப் பல்லாங்குழி ஆடத் தொடங்கினோம். அரைமணி நேரத்தில் பக்கத்து அறையிலிருந்த விருதுநகர்க் குடும்பத்துப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய தாயார் முற்றத்திலிருந்து ஐந்து கூழாங்கற்களைப் பொறுக்கிவந்து சொட்டாங்கல் ஆடிக் காட்டினார். மறுநாள் காலை விடுதித் தோட்டக்காரர் பிள்ளைகளை அழைத்துப்போய்த் தம் பாத்தியிலிருந்து ஆளுக்கொரு கேரட்டைப் பிடுங்கச் சொன்னார். பயணம் முடிந்து ஊர் திரும்பி இவ்வளவு நாளாகியும் அவர்கள் பேசுவது அந்தக் கேரட்டைப் பற்றித்தான்.

விடுதி நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: அறைக்கு ஒரு பல்லாங்குழிப் பலகை, ஒரு பரமபத அட்டை, ஒரு சோடித் தாயக்கட்டை வையுங்கள், தோட்டக்காரரோடும் சமையற்காரரோடும் பிள்ளைகள் ஒரு மணி நேரம் இருக்க வழி செய்யுங்கள், அதற்காக அவர்களுக்குத் தனி ஊதியமும் கொடுங்கள். நீச்சல்குளம் உள்ள இடங்களில் ஆழத்தைத் தமிழில் எழுதிவைப்பதும், கண்காணிப்பாளரை நியமிப்பதும் கட்டாயமாக வேண்டும். கண்காணிப்பாளர் இருந்தாலும் பெற்றோர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. அந்த அனுமதியோடு, சாலையில் எங்கே என்ன தெரியும், எங்கே பாதுகாப்பாக வண்டியை நிறுத்தலாம், எங்கே கழிப்பறை உள்ளது என்று ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்து அனுப்பினால் அது ஒவ்வொரு காருக்குள்ளும் போய்ச் சேரும். சீசன் நாட்களில் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்துசெல்லும் மலைச்சாலையில் கழிப்பறைக்காகப் பிள்ளைகள் படும் பாடு கொஞ்சமல்ல. இருப்பவற்றைச் சுத்தமாக வைத்திருப்பதோடு புதிதாகச் சிலவற்றையும் கட்ட வேண்டும்.

இறுதியாகத் தங்களிடமே ஒரு விண்ணப்பம். மதுரையிலிருந்து பிரியும் சாலைகள் ஒவ்வொன்றிலும் பிள்ளைகளுக்குக் காட்ட ஏராளம் உண்டு. இராமேசுவரம் சாலையில் கீழடி அருங்காட்சியகத்தில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சுடுமண் வட்டச் சில்லுகளையும் பகடையையும் கண்ணாடிக்குள் காணலாம். அதே சாலையில் மானாமதுரையில் பானை வனைவதையும், பாம்பனில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே மேலெழும் புதிய ரயில் பாலத்தையும் பார்க்கலாம். தேனிச் சாலையில் ஆண்டிபட்டிக் கணவாயும் 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையும் உள்ளன. விடுமுறைக் காலத்தில் வாரம் ஒரு சாலையாக எடுத்துக்கொண்டு, இடப்பக்க ஜன்னலில் என்ன தெரியும், வலப்பக்க ஜன்னலில் என்ன தெரியும் என்று பிள்ளைகளே படிக்கும் எழுத்தில் தாங்கள் வெளியிட வேண்டும். கொடைக்கானல் சாலைக்கு வேண்டிய குறிப்புகளை, ஆரப்பாளையத்திலிருந்து ஏரிக்கரை வரை, நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர்,
மதுரை.