லவ்ரி தொடக்கினதும் வான்வ்லீட் முடிச்சதும்

முரசுமோட்டை
ஆவணி 2025

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சதில சந்தோசம். அதை நாலு வரியில சொல்லிப்போட்டு மூண்டு பக்கத்துக்கு உன்ர ரொறன்ரோ கூடைப்பந்து ரீம் ராப்டர்சைத் திட்டியிருக்கிறாய் பார், அதில இருந்தே நீ தேறீட்டாய் எண்டு விளங்கீட்டுது. இஞ்ச சிறுபோக வெட்டு தொடங்கப் போகுது. இரணைமடுத் தண்ணி பங்குக் கணக்கிலதான், நான் விதைச்சது சின்னத் துண்டு. எண்டாலும் கதிர் பழுதில்லை. அம்மா உன்னைக் கேட்டவ.

சரி, சண்டைக்கு வாறன். போன NBA சீசனில ராப்டர்ஸ் 82 மட்சில 30 தான் வெண்டது எண்ட கோவத்தில, முப்பது தாண்டினவங்களை எல்லாம் அனுப்பிப்போட்டு ஸ்கொட்டி பார்ன்ஸோட பெடியளை மட்டும் விடவேணும், ஒக்லஹோமா ரீமைப் பார் எண்டு எழுதியிருக்கிறாய். ஒக்லஹோமாவையே பாப்பம். 68 மட்ச் வெண்டு கிண்ணமும் தூக்கின இளம் ரீம்தான், ஆர் இல்லையெண்டது? ஆனால் போன வருசம் ஆனியில அவங்கள் செய்தது என்ன? ஜொஷ் கிடியை, 2021 ட்ராஃப்டில (புதுப் பெடியளைத் தெரியிற நாள்) ஆறாவதாய் எடுத்த பெடியனை, 21 வயசில சிக்காகோவுக்குக் குடுத்துப்போட்டு, 30 வயசு அலெக்ஸ் கருசோவை வாங்கினவங்கள். உன்ர கணக்குக்கு நேர்மாறு. இந்த வருசம் டென்வரோட ஏழாவது மட்சில அவங்கட நெட்டை ஆள் யோக்கிச்சை மறிக்க ஆரை விட்டவங்கள்? அவனிலும் அரையடி கட்டையான அந்தக் கருசோவை. உயரத்தால மறிக்கேலாது எண்டு தெரிஞ்சு, முன்னுக்கு வந்து நிண்டு, பந்து கைக்குப் போய்ச் சேர முதலே வழியை அடைச்ச மனிசன். அந்த இடத்தில ஒரு புதுப் பெடியனை விட்டிருந்தால் ஃபவுலிலேயே பாதி நேரம் வெளியில இருந்திருப்பான்.

உன்ர ரீமையே எடன். 2018 இல நீங்கள் 59 மட்ச் வெண்டனீங்கள். பெஞ்சில இருந்து இறங்கின சியாக்கமும் வான்வ்லீட்டும் மற்றப் பெடியளும் எல்லாரையும் ஓடி ஓடிக் களைக்க வைச்சாங்கள். பிறகு ஏழு மட்ச் சுற்றில லெப்ரோன்ர கிளீவ்லாண்ட் வந்து நாலுக்குப் பூச்சியம் எண்டு முடிச்சு விட்டுது. அடுத்த வருசம் கிண்ணம் வந்தது பெடியளை இன்னும் கூட்டினதால இல்லை. லெனார்ட்டோட டனி கிரீன் வந்தான், மாசியில 34 வயசு மார்க் கசோல் வந்தான். (லெனார்ட்டுக்குப் பதிலாய் டெரோசனைக் குடுத்ததுக்கு நீ அண்டைக்கு என்னோட போனில கத்தினதை நான் எழுதேல்லை.)

2019 இறுதிச் சுற்று ஆறாவது மட்ச் உங்களுக்கு இரவு, எங்களுக்கு விடியப்புறம் ஆறரை. வயலுக்குப் போகாமல் போனைச் சுவரில சாத்தி வைச்சுப் பாத்தனான். கோல்டன் ஸ்ரேற்றின்ர சொந்த மைதானம். தொடங்கின உடனை ரொறன்ரோ எடுத்த முதல் 11 புள்ளியும் லவ்ரி தனியப் போட்டது. 33 வயசு, அதுக்கு முதல் ஒரு இறுதிச் சுற்றையும் காணாதவன். கடைசிக் கால் பகுதியில 12 புள்ளி போட்டு மட்சை நிமித்தினது வான்வ்லீட், 25 வயசு. ட்ராஃப்டில ஒருத்தரும் கூப்பிடாத பெடியன். அவனும் சியாக்கமும் 2017 இல மிசிசாகாவில ராப்டர்ஸ் 905 எண்ட கீழ் ரீமில விளையாடி, அந்தக் கீழ் லீக் கிண்ணத்தை எடுத்த ஆக்கள். மேல இடம் கிடைக்க முதல் அங்க அடிபட்டு, பிறகு பெஞ்சில லவ்ரிக்குப் பக்கத்தில இருந்து வந்தவங்கள். லவ்ரியை அதுக்கு முந்தின வருசமே வித்திருந்தால் வான்வ்லீட்டுக்கு நிமிசம் கூடக் கிடைச்சிருக்கும், ஆனால் அப்பிடி ஒரு மட்ச் கிடைச்சிருக்காது.

நீ சொல்லுறதில ஒரு இடம் சரி. 2016 லேக்கர்ஸ் ரீம். கோபி பிரயண்டுக்கு 37 வயசு, ஊர் ஊராய்ப் பிரியாவிடை, 17 மட்ச்தான் வெற்றி. கடைசி நாள் 50 தரம் எறிஞ்சு 60 புள்ளி எடுத்தான், நானும் கை தட்டினன், அது வேற. ட்ராஃப்டில இரண்டாவதாய்த் தெரிவான ரசலும், மற்றப் பெடியன் ராண்டிலும் அந்த வருசம் என்னத்தைப் படிச்சிருப்பாங்கள்? கோபியின்ர வயசில எனக்குப் பிரச்சினை இல்லை. உன்ர வேலை இனி இதுதான் எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லத் துணியேல்லை.

ஸ்ரீவ் கேர் துணிஞ்சவர். 2014 இல கோல்டன் ஸ்ரேற்றுக்குக் கோச்சாய் வந்த உடனை, அதுவரைக்கும் தான் விளையாடின ஒவ்வொரு வழமை மட்சிலயும் தொடக்கத்தில இறங்கின இகுடாலாவை பெஞ்சுக்கு மாத்தி, ஹரிசன் பார்ன்ஸை இறக்கினவர். அந்த வருச இறுதிச் சுற்றில நாலாவது மட்சில திருப்பித் தொடக்கத்தில விட்டார். கிண்ணமும் வந்தது, சிறந்த வீரர் விருதும் இகுடாலாவுக்கு.

எங்கட கழகத்திலயும் இந்தப் புடுங்குப்பாடுதான். கரப்பந்தாட்டத்தில பந்து எடுத்துக் குடுக்கிற அண்ணைக்கு நாப்பது தாண்டீட்டுது. பதினெட்டு வயசுப் பெடியன் ஒருத்தன் அவரை விட வேகம். கமிற்றியில ஆளாளுக்கு முணுமுணுப்பு, அவருக்கு நேர சொல்ல ஆளில்லை. கடைசியில நான்தான் வாயைத் திறந்தன்: 20 புள்ளி வரைக்கும் பெடியன், அதுக்குப் பிறகு அண்ணை. இழுபறியில கை நடுங்காமல் பந்து குடுக்க அவராலதான் ஏலும். அண்ணை உடனை ஓமெண்டிட்டார். பெடியன்ர தேப்பன்தான் இப்ப என்னோட கதைக்கிறேல்லை.

உன்ர ஸ்கொட்டி பார்ன்ஸ் கெட்டிக்காரன், அதில மறுப்பில்லை. ஆனால் இழுபறி மட்சில கடைசி ரண்டு நிமிசம் அவனுக்குப் பக்கத்தில நிண்டு, "இப்ப எறியாதை, அங்கால குடு" எண்டு சொல்லுறதுக்கு ஆரை விடுவாய்? திட்டை விட்டிட்டு ஒரு பேரை எழுது.

மார்கழியில வாறது உறுதியெண்டால் முதலே சொல்லு. மழைக்கு முதல் கூரை ஓடு மாத்தோணும், அதுக்குப் பிறகுதான் உனக்கு அறை.

அன்புடன்,
உன்ர கூட்டாளி