ஃபைலில் முடிந்துபோன வேலை: பெங்களூரு மாநகரப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாநகராட்சியின் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும், தேர்தல் தேதியை முடிவு செய்ய வேண்டிய மாநில அரசுக்கும்,

வணக்கம்.

அல்சூரில் ஒரு சந்திலிருந்து எழுதுகிறேன். மோரி வேலைக்கென்று, அதாவது சாக்கடைக் கால்வாய் வேலைக்கென்று, மே மாதம் எங்கள் சந்து முழுக்கத் தோண்டியதும் அதை இன்னும் மூடாததும் உங்களுக்குத் தெரியும். மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன், சீல் குத்திய நகல்கள் என்னிடம் இருக்கின்றன. அதனால் பழைய கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. போன வியாழக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் பெய்த ஐப்பசி மழையில் மூன்றாவது வீட்டு வாசலில் திறந்த மோரியின் மேல் போட்டிருந்த பலகை மிதந்து நகர்ந்துவிட்டது. ட்யூஷன் முடிந்து வந்த பையன், ஏழாம் வகுப்பு, பலகை இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்தான். இடுப்பளவு சாக்கடைத் தண்ணீர். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார். நீட்டிக்கொண்டிருந்த கம்பி கிழித்ததில் காலில் ஆறு தையல்.

மறுநாள் காலையில் நாலு பேராக அலுவலகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அங்கிருந்தவர் சொன்னார்: "கெலச முகிதிதெ அம்மா, பில்லு ஆகிதெ." வேலை முடிந்துவிட்டதாம், பில்லும் ஆகிவிட்டதாம். சாட்சிக்கு ஒரு போட்டோவையும் காட்டினார். புது ஸ்லாப் போட்ட சுத்தமான சந்து, ஓரத்தில் ஒரு தென்னை மரம். எங்கள் சந்தில் தென்னை மரம் கிடையாது. நான் கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தாறு வருஷமாகிறது, ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தப் பலகைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோண்டியபோது நல்ல நிலையில் இருந்த பழைய கல் ஸ்லாப்புகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வரிசையில் பதினோரு வீடு. வாசலுக்கும் சந்துக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்குத் திறந்த மோரி. ஆளுக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டோம். ஒரு வீட்டில் கட்டில் பலகை, ஒரு வீட்டில் கடைக்குப் போட்டிருந்த பழைய ஷட்டர் தகடு. எங்கள் வீட்டில் பழைய பூஜை அறைக் கதவு. அதை மிதித்து நடக்க முதல் வாரம் எனக்கு மனசே வரவில்லை. இப்போது பழகிவிட்டது, அதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது.

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். பிரதோஷம் தவறாமல் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போவார். மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனால் தானாகவே போவார். சந்தைத் தோண்டிய நாளிலிருந்து ஒருநாள்கூடப் போகவில்லை. அந்தக் கதவின் மேல் நிற்க அவருக்குப் பயம். இருவர் இருபுறமும் பிடித்துக்கொள்ளலாம் என்றால், பலகை மூன்று பேரைத் தாங்காது. பத்துப் பிரதோஷம் போய்விட்டது. ஒவ்வொரு பிரதோஷத்தன்றும் சாயங்காலம் தலை வாரி, விபூதி பூசி, வாசற்படிக்கு உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால் "மணி சத்தம் காதில் விழுகிறதா பார்க்கிறேன்" என்கிறார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று அவருக்கும் தெரியும்.

இந்தக் கஷ்டத்துக்குத்தான் பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறது. அதனால்தான் கேட்கிறோம். அந்த வேலையின் கணக்கை எங்கள் சந்துக்குக் கொண்டுவந்து எங்கள் முன்னால் படியுங்கள். பில் பாஸ் ஆக வேண்டுமென்றால் எஞ்சினீயர் நேரில் வந்து, டேப் பிடித்து, நீளம் அகலம் ஆழம் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி அதைச் சரிபார்க்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது? எந்தத் தேதியில் அளந்தார்கள்? எங்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் தொகை, கான்ட்ராக்டர் பெயர், முடிக்க வேண்டிய நாள் எல்லாம் எழுதி ஒரு போர்டு வைத்திருந்தால் பாதிக் கேள்விக்கு அதுவே பதில் சொல்லியிருக்கும். அதுவும் இல்லை.

முன்பெல்லாம் இதைக் கேட்க ஒரு கார்ப்பரேட்டர், அதாவது எங்கள் வார்டு கவுன்சிலர், இருந்தார். அவர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் வீடு எங்களுக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு வாசலில் போய் நின்றால் லுங்கியோடாவது வெளியே வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த தேர்தலில் ஓட்டு வேண்டுமே. இன்று எங்கள் வார்டைப் பார்க்கும் அதிகாரிக்கு எங்கள் ஓட்டு தேவையில்லை. இதுவரை இரண்டு பேர் மாறிவிட்டார்கள்.

கடைசியாக நாங்கள் மாநகராட்சிக்கு ஓட்டுப் போட்டது 2015 ஆகஸ்டில். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதி முடிந்தது. அதன் பிறகு ஒரு மன்றத்தின் முழு ஆயுளான ஐந்து வருஷமும் ஓடிவிட்டது, தேர்தல் இல்லை. வார்டுகள் 198 என்றார்கள், பிறகு 243 என்றார்கள், அதற்கப்புறம் 225. இப்போது நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்து 360க்கும் மேல் என்கிறீர்கள். கோடு போட்டு அழித்து மறுபடி போடுவதிலேயே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துவிடுவார்கள். இது முதல் தடவையும் அல்ல. 2006இல் காலம் முடிந்த மன்றத்துக்கு அடுத்த தேர்தல் 2010 மார்ச்சில்தான் நடந்தது. காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 243யு பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைக் கொண்டுவந்த 74ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல். முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

பணம் மட்டும் நிற்கவில்லை. 2025-26க்கு இந்த நகரத்துக்குப் போட்ட பட்ஜெட் 19,927 கோடி ரூபாய். அதில் ஒரு வரியைக்கூடக் கேள்வி கேட்க நாங்கள் அனுப்பிய ஆள் ஒருவரும் அந்த அறையில் இல்லை. ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு சந்திப்பு வரை சுமார் 17 கிலோமீட்டருக்குச் சுரங்கப் பாதை, 17,000 கோடிக்கும் மேல் என்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்று எங்கள் வார்டில் யாரும் எங்களைக் கேட்கவில்லை. ஈஜிபுராவில் 2017இல் தொடங்கிய மேம்பாலம் இரண்டரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. அதன் தூண்கள் வருஷக்கணக்கில் மொட்டையாக நின்றதை அந்தப் பக்கம் போகிற எல்லோரும் பார்த்தார்கள். மூன்றடி மோரியை மூட முடியாதவர்கள் பூமிக்கு அடியில் ரோடு போடுகிறோம் என்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். ஆனால் பொய்யில்லை.

சரி, எங்கள் சந்துக்கே வருகிறேன். முதலில் ஸ்லாப் போடுங்கள். அது யார் செலவு, எந்த ஃபைல் என்பது பிறகு. அப்புறம் வார்டு கமிட்டிக் கூட்டத்தை ஒரு சனிக்கிழமை ஆளில்லாத ஹாலில் நடத்தாமல் எங்கள் சந்திலேயே நடத்தி, அந்த அளவுப் புத்தகத்தைத் திறந்து படியுங்கள். கன்னடத்தில் படித்தால் போதும், எங்களுக்கு நன்றாகப் புரியும். தென்னை மரம் உள்ள போட்டோ எந்தச் சந்துடையது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். தேர்தல் எந்த நாளில் என்பதை அறிவியுங்கள். ஒரு மாதம் தள்ளியோ இரண்டு மாதம் தள்ளியோ இருக்கட்டும், ஒரு தேதி வேண்டும். நாங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டாலும், அந்தக் கணக்கை எங்களுக்காகக் கேட்க ஓர் ஆள் அங்கே உட்கார வேண்டும்.

வீட்டு வரியை ஏப்ரலிலேயே கட்டிவிட்டோம். ரசீது இருக்கிறது.

யாராவது நேரில் பார்க்க வருவதாக இருந்தால் தயவுசெய்து இருட்டுவதற்கு முன்பே வாருங்கள். மழை பெய்திருந்தால் எங்கள் வீட்டுப் பலகை வழுக்கும். வாசலில் நின்று குரல் கொடுங்கள், நான் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அல்சூரில் குடியிருக்கும் ஒரு வாக்காளர்