ஒரு ஸ்கார்ஃபுக்கு அனுமதி: பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை ஆசிரியை அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

ஏழாம் வகுப்பு மாணவியின் அப்பா எழுதுகிறேன். யார் என்று தெரியும், ஏற்கெனவே இரண்டு முறை வந்து பேசியவன்தான். அவளுக்குத் திட்டுத் திட்டாக முடி கொட்டுவது புழுவெட்டு என்று டாக்டர் கொடுத்த சான்றும் உங்கள் மேசையில் இருக்கிறது. கேட்பது ஒன்றுதான்: தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு அவளை வகுப்பில் உட்கார விடுங்கள்.

போன வியாழக்கிழமை காலை வழிபாட்டில், 'சீருடையில் இது கிடையாது' என்று எல்லார் முன்னாலும் அவிழ்க்கச் சொன்னீர்கள். அவிழ்த்தாள். பின்மண்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழவென்று ஒரு திட்டு, காதுக்கு மேல் இன்னொன்று. ஒட்டிக்கொள்ளும் என்று பேச்சு கிளம்பி, மதியத்துக்குள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டீர்கள். மறுநாள் காலை தலையணையில் கிடந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எதுக்கும்மா என்றேன். "மிஸ்கிட்ட காட்டணும்பா, இதுல புழு இல்லைன்னு."

புழுவெட்டு என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தாரோ! உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குவதுதான் இது. திட்டின் ஓரத்துக் குட்டை முடிகள் அடியில் மெலிந்து ஆச்சரியக்குறி மாதிரி நிற்கின்றன, டாக்டர் லென்ஸ் வைத்து எனக்கே காட்டினார். ஒட்டுவது படர்தாமரை, அது பூஞ்சை, செதில் செதிலாக உதிரும். இவளுக்கு வேர்ப்பை சாகவில்லை, அதனால் திரும்ப முளைக்கலாம், முதலில் வெள்ளையாகக்கூட வரலாம், வந்தாலும் மாதத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். நீங்கள் கேட்கும் இரட்டைச் சடைக்கு எத்தனை மாதம் என்று கணக்கு டீச்சரையே போடச் சொல்லுங்கள்.

முடியும் நகமும் கெரட்டின், வெளியே தெரிகிற முடிக்கு உயிர் கிடையாது என்று போர்டில் எழுதிப் போடுவதும் உங்கள் பள்ளிதான். அந்த உயிரில்லாத சாமானுக்கு எத்தனை சட்டம்! பையன்களுக்கு முடி காதைத் தொட்டால் வெளியே நிற்கணும், பெண்களுக்கு ரிப்பன் நிறம் மாறினால் டைரியில் சிவப்பு மை, எண்ணெய் வைக்காவிட்டால் அதற்குத் தனிப் பாட்டு. சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம். சின்ன வெங்காயம் தேய்க்கச் சொன்ன ஆயாம்மா மேல்கூட எனக்குக் கோபமில்லை, அவராவது பக்கத்தில் வந்து தலையைத் தொட்டுப் பார்த்தார்.

சீருடை நிறத்திலேயே, மெரூனில், பருத்தி ஸ்கார்ஃப் தைத்திருக்கிறோம். திங்கட்கிழமை கட்டிக்கொண்டு வருவாள். தயவுசெய்து அவிழ்க்கச் சொல்லாதீர்கள், பழையபடி இரண்டாம் பெஞ்சில் உட்கார விடுங்கள். நோட்டும் பையில் இருக்கும், பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள்.

இப்படிக்கு,
அவள் அப்பா