மாப்ள, அந்த மூளை அலை டெஸ்ட் பத்தி

டேய் மாப்ள,

பதில் போட லேட் ஆயிடுச்சுடா, புது ஆபீஸ்ல சேந்ததுலேர்ந்து மூச்சு விட நேரமில்ல. உன் மூத்தவனுக்கு ஏடிஹெச்டி, அதான் கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கற அந்தப் பிரச்சனைன்னு டாக்டர் சொன்னதும், வேற யாரோ தலையில வயர் ஒட்டி மூளை அலைய பதிவு பண்ற ஈஈஜி எடுத்தா அது இருக்கா இல்லையான்னு பக்காவா தெரிஞ்சிடும்னு சொன்னதும் படிச்சேன். தயவுசெஞ்சு அதுக்கு காசு கட்டாத.

விஷயம் முழுப் பொய்யும் இல்ல. செகண்டுக்கு 4லேர்ந்து 8 தடவை அடிக்கிற மெதுவான அலை தீட்டா, 13லேர்ந்து 30 வரைக்கும் போறது பீட்டா. இந்த மாதிரி பசங்கள்ல கொஞ்சம் பேருக்கு தீட்டா தூக்கலா இருக்கும், அத வச்சு பீட்டாவுக்கு தீட்டா எத்தன மடங்குன்னு பாக்கற தீட்டா-பீட்டா ரேஷியோன்னு ஒண்ணு கெளம்பி, 2013ல மருந்து, மருத்துவ மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்கற அமெரிக்க எஃப்டிஏ அத அளக்கற ஒரு மெஷினுக்கு பர்மிஷனே குடுத்துச்சு, அதுவும் டாக்டருக்கு ஒத்தாசையாத்தான். ஆனா அதே வருஷம் பழைய ஆய்வெல்லாம் சேத்துப் பாத்தவங்க இத நம்பி நோயக் கண்டுபிடிக்க முடியாதுன்னுட்டாங்க. தூக்கம் சொக்கினாலே தீட்டா ஏறும்டா, சின்னப் பசங்களுக்கு இயல்பாவே அதிகம், அப்புறம் எத வச்சு பிரிப்ப?

நியூரோஃபீட்பேக்னு அடுத்து ஒண்ணு விப்பாங்க, அதாவது மூளை அலைய ஸ்க்ரீன்ல காட்டி அத மாத்தப் பழக்கற ட்ரெயினிங். 2021ல வெளிவந்த ட்ரயல்ல 7லேர்ந்து 10 வயசு வரைக்கும் 144 பசங்க, பாதிக்கு மேல நெஜ ட்ரெயினிங், மீதிப் பேருக்கு சும்மா போலி. ரெண்டு குரூப்பும் ஒரே மாதிரிதான் தேறுச்சு.

நீ எழுதினதுல எனக்கு பெருசா பட்டது வேற. ஹோம்வொர்க் தெரியும் ஆனா ஆரம்பிக்க மாட்டேங்கிறான், மூணு வேலை சொன்னா முதல் வேலையிலயே நிக்கிறான், பேச்ச முடிக்க விடாம குறுக்க வர்றான். எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன்ங்கறது இதுதான்டா, சொன்னத மனசுல புடிச்சு வச்சுக்கறது, கைய அடக்கறது, எது முன்ன எது பின்னன்னு பிரிக்கறது. ஏடிஹெச்டி இருக்கற எல்லாருக்கும் இதுல ஒரே அளவு இடிக்காது, டெஸ்ட்ல நல்லா பண்ணிட்டு வீட்டுல திணர்றவங்களும் உண்டு. 2007ல வந்த ஒரு ஸ்கேன் ஆய்வுல இந்தப் பசங்களுக்கு மூளையோட மேற்பகுதி முத்தறது சராசரியா மூணு வருஷம் பின்தங்கி இருந்துச்சு, அதுவும் முக்கியமா நெத்திப் பக்கம். அதனால "பத்து வயசாச்சு, இது கூட தெரியாதா"ன்னு கத்தறத கொஞ்சம் கொற.

ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லு, பேப்பர்ல எழுதி கண்ணு முன்னாடி ஒட்டு, ஓடறது தெரியற மாதிரி டைமர் வை. மருந்து வேணுமான்னு டாக்டர்கிட்டயே பேசு, பக்கத்து வீட்டு அட்வைஸ் எல்லாம் வேணாம்.

ராத்திரி எத்தன மணிக்கு தூங்குறான்னு எழுதவே இல்லையே? குறட்டை விடுறானா? அடுத்த தடவை போறப்ப இத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு. தங்கச்சிய கேட்டதா சொல்லு, ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்றேன்.