எமது ஸ்கிரபிள் கழகம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் ஆக்கும் எமது ஆட்டத்தின் போயா (முழுநிலா விடுமுறை) தினப் பயிற்சிகள் மழைக்காலம் நீங்கலாக ஒழுங்காக நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையில் பெரும்பகுதி சொற்களைப் பற்றியது. ஆண்டு முழுவதும் எழுந்த தகராறுகளும் அவற்றைப் பற்றியவையே.

முதல் தகராறு, எந்தச் சொல் செல்லும் என்று தீர்மானிக்கும் சொற்பட்டியல். தொலைபேசியில் பழகுவோர் பலர் தெரியாமலே அமெரிக்கப் பட்டியலைப் படிக்கிறார்கள். எமது ஆட்டம் கொலின்ஸ் அகராதிப் பட்டியல்படி நடக்கிறது. யாக்கும் பசுவும் கலந்த மாட்டைக் குறிக்கும் ‘இசட்-ஓ’ கொலின்ஸில் செல்லும், அமெரிக்கப் பட்டியலில் செல்லாது. முன்னால் ஒரு டீ (D) வைத்தாலும் அதே மாடுதான். பழைய வட்டார வழக்கில் ‘நான்’ என்று பொருள்படும் ‘சீ-எச்’சும் அப்படியே. இவற்றை நம்பாமல் சவால் விட்டவர்கள் தலா 5 புள்ளி இழந்தார்கள். கொலின்ஸில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. சீ வருவது ‘சீ-எச்’ ஒன்றில் மட்டும். வீ எழுத்துக்கு ஒன்றுகூட இல்லை. வீ கையில் இருக்கும்போது, அதை வேறொரு சொல்லின் பக்கவாட்டில் ஒட்டி இரண்டெழுத்துச் சொல் ஆக்க இடம் தேடுவது நேர விரயம்.

இரண்டாவது, எஸ். ஒரு பையில் நான்கு எஸ்தான் உண்டு. அதைச் செல்லாத இடத்தில் ஒட்டி முறையை இழப்பதே எம்மவர் அதிகம் செய்த பிழை. மருந்து, சொல்லின் பொருளைப் படிப்பது. பொருளே தெரியாமல் வெல்லலாம் என்பதற்கு நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் இருக்கிறார்: பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் பட்டத்தை வென்றார். அந்த ஞாபகசக்தி எமக்கு வாய்க்கவில்லை. ஆகவே, ‘சீ-டபிள்யூ-எம்’ என்றால் மலையிடுக்கில் கிண்ணம்போன்ற பள்ளம் என்று தெரிந்தால், அது பெயர்ச்சொல், எஸ் ஏற்கும். ‘எச்-எம்-எம்’ யோசிக்கும்போது எழும் ஒலி. அதற்கு இன்னொரு எம் ஒட்டலாம், எஸ் ஒட்டாது. ‘கே-வை’ என்பதே பசுக்கள் எனப் பன்மை, மறுபடி எஸ் எதற்கு? இந்த விதிக்குப் பிடிபடாததும் உண்டு. ‘எக்ஸ்-யூ’ வியட்நாமின் பழைய நாணயம், பெயர்ச்சொல்தான், ஆனாலும் எஸ் ஏற்காது. அதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

யூ இல்லாத கியூ சொற்களில், அரபுச் சொற்கள் பழகிய காத்தான்குடி உறுப்பினர்கள் மற்றவர்களை முந்திவிட்டார்கள். காதி (முஸ்லிம் நீதிபதி), தலாக், நிகாப், பக்கீர் நான்கும் பட்டியலில் உண்டு. எழுத்தடுக்கைத்தான் கவனிக்க வேண்டும். காதிக்கு ‘கியூ-ஏ-டீ-ஐ’ வையுங்கள். உள்ளூர்ப் பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதை நம்பி வைக்க வேண்டாம். யேமனில் நாம் வெற்றிலை போடுவதுபோல் மெல்லும் இலை ‘கியூ-ஏ-ரீ’ (QAT). உயிர்மூச்சைக் குறிக்கும் சீனச் சொல் ‘கியூ-ஐ’ எல்லாவற்றிலும் பெறுமதியானது. கியூவை மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் வைத்து, வலப்புறமும் கீழும் ஐ வரச்செய்தால் (கியூ 10, ஐ 1) 31உம் 31உம் சேர்ந்து 62. ஆனால் அந்த வாய்ப்புக்காக கியூவைக் கடைசிவரை பிடித்திருப்பது நட்டம். பை காலியாகும் முன் கொடுத்துவிட வேண்டும்.

உயிரெழுத்துகள் குவிந்தால் பலரும் கட்டைகளை மாற்றிக்கொண்டு ஒரு முறையை இழக்கிறார்கள். மாற்றுமுன் ‘ஈ-ரீ-ஏ-ஈ-ஆர்-ஐ-ஓ’வை நினைத்துப் பாருங்கள். ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்து உருவாகும் திரள்கனி. வீட்டு வளவிலுள்ள அன்னமுன்னாப் பழம் அவ்வகைதான். ஏழு கட்டையும் ஒரே முறையில் தீரும், 50 மேலதிகம்.

தமிழிலிருந்து போன சொற்களை நாமே வைக்கத் தயங்குவது வேடிக்கை. அணைக்கட்டு ‘ஏ-என்-ஐ-சீ-யூ-ரீ’ என்று பட்டியலில் இருக்கிறது. அம்பாறைப் பக்கம் வயல் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சுருட்டு ‘சீ-எச்-ஈ-ஆர்-ஓ-ஓ-ரீ’, ஏழெழுத்து: முகப்பெறுமதி 12, மேலதிகம் 50. யாராவது ‘சீ-ஏ-ரீ’ வைத்து வலப்புறம் ஆறு கட்டம் வெறுமையாக இருந்தால், கையில் ‘ஏ-எம்-ஏ-ஆர்-ஏ-என்’ உண்டா என்று பாருங்கள், பூனை கட்டுமரமாகிவிடும்.

கட்டைகள் பற்றி ஒரு முறைப்பாடு வந்தது, நியாயமானதே. பழைய மரக்கட்டைகளில் எழுத்து பள்ளமாகச் செதுக்கப்பட்டிருப்பதால் எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக்கட்டையை விரலால் தடவியே அறியலாம். இனிப் போட்டிகளுக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் கட்டைகள் மட்டும். பையைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பி எடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் கட்டைகளை ஐந்துக்கு ஐந்தாக நான்கு சதுரம் அடுக்கினால் 100 சரியா என்று ஒரே பார்வையில் தெரியும். இதைச் செய்யாமல் தொடங்கிய ஆட்டமொன்றில், ஒரு கட்டை மேசைவிரிப்புக்கு அடியில் கிடந்தது கடைசியில்தான் தெரியவந்தது. முடிவை இரத்துச் செய்து திரும்ப ஆட நேர்ந்தது.

வரும் ஆண்டுக்கு நிருவாகக் குழு முன்வைப்பவை இரண்டு: இரண்டெழுத்துப் பட்டியலைத் தமிழ்ப் பொருளுடன் அச்சிட்டுப் புதியவர்களுக்குக் கொடுப்பது, ஒவ்வொரு போயாவிலும் முதல் அரைமணியை எஸ் ஏற்காத சொற்களுக்கு ஒதுக்குவது. கழகத்தின் மணிக்கூடுகளைக் கொண்டுபோனவர்கள் இக்கூட்டம் முடியுமுன் திருப்பித் தரவும்.

செயலாளர்